அமெரிக்கத் திவால் நீதிமன்ற நோட்டீஸ்: கடன் கொடுத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்க வங்கிகளின் கணக்குகளைச் சென்னையிலிருந்து கவனிக்கும் அலுவலகங்களில் புதிதாகச் சேருபவர்களுக்குத் திவால் வழக்குகளைப் பற்றிப் பயிற்சி கொடுக்கிறேன். திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களும் அமெரிக்காவில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர்களும் கையில் ஒரு நோட்டீஸோடு கேட்பவையும் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொது விளக்கம் மட்டுமே. தொகை பெரிதாக இருந்தால் அந்த மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டே ஆக வேண்டும்.

“என் பெயருக்கு அமெரிக்க நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் மேல் யாராவது வழக்குப் போட்டிருக்கிறார்களா?”

இல்லை. உங்களுக்குப் பணம் தர வேண்டிய ஒருவர், அல்லது ஒரு நிறுவனம், திவால் மனு தாக்கல் செய்திருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதால் நீதிமன்றம் உங்களுக்குத் தகவல் சொல்கிறது. ஆனால் “என் மேல் வழக்கு இல்லையே” என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தாளில் உங்கள் பணத்துக்கான கெடு இருக்கக்கூடும்.

“வழக்கு கலிபோர்னியாவில் நடக்கிறது. உறை வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. போலியா?”

வேறு இடத்திலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் சந்தேகப்பட வேண்டாம். அமெரிக்காவில் 90 திவால் நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தானே அச்சடித்து, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பிய காலம் 1990களில் மாறியது. இப்போது கூட்டாட்சி நீதிமன்றங்களின் நிர்வாக அலுவலகம் ஒப்பந்த அடிப்படையில் நடத்தும் திவால் நோட்டீஸ் மையம் எல்லா நீதிமன்றங்களுக்கும் சேர்த்து இந்த வேலையைச் செய்கிறது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் பி.என்.சி. என்பார்கள்.

நீதிமன்றத்தின் கணினி அன்றன்றைய நோட்டீஸ்களையும் பெறுபவர் பட்டியலையும் மையத்துக்கு அனுப்பும். மையம் முகவரிகளை அமெரிக்கத் தபால் துறையின் தரவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும். மின்னணு முறையில் வாங்கப் பதிவு செய்தவர்களுக்கு அப்படியே அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்குத் தாளில் அச்சிட்டுத் தபாலில் சேர்க்கும். பிறகு, யாருக்கு, எந்த முகவரிக்கு, எந்த நாளில், எந்த வழியில் அனுப்பப்பட்டது என்ற சான்று வழக்குப் பதிவேட்டில் ஏறும். 2005இல் திவால் மனுக்கள் 20 லட்சத்தைத் தாண்டின. 2024இலும் 5 லட்சத்துக்கு மேல். ஒரு வழக்குக்குப் பத்து இருபது பேர் என்று வைத்துக்கொண்டாலும், இதை ஒரே இடத்தில் செய்ய வேண்டியிருப்பதன் காரணம் விளங்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். நீதிமன்றம் பிறப்பிக்கும் நோட்டீஸ்களும் ஆணைகளும் மட்டுமே இந்த மையத்தின் வழியாக வரும். கடனாளியின் வழக்கறிஞர் தாக்கல் செய்யும் மனுக்களை அவரேதான் உங்களுக்கு அனுப்ப வேண்டும்.

“என் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?”

கடனாளி கொடுத்தது. மனுவோடு, கடன் கொடுத்த அனைவரின் பெயர், முகவரிப் பட்டியலையும் அவர் தாக்கல் செய்ய வேண்டும் என்பது திவால் விதி 1007. அவர் பழைய பில்லைப் பார்த்து எழுதியிருந்தால் பழைய முகவரிதான் வரும். பணம் கட்டும் முகவரிக்கும் கடிதப் போக்குவரத்து முகவரிக்கும் வேறுபாடு பார்க்காமல் எழுதுபவர்கள் ஏராளம். காசோலைகளைப் பிரிக்க மட்டுமே வைத்திருக்கும் தபால் பெட்டிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து, அங்கே அதைத் தெரிந்தவர் யாருமில்லாமல் கிடப்பதும் உண்டு. இந்தத் துறையில் நான் பார்க்கும் சிக்கல்களில் பாதிக்கு மேல் சட்டத்தில் பிறந்தவை அல்ல, முகவரியில் பிறந்தவை.

“நோட்டீஸ் இரண்டு மூன்று பக்கம் இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?”

வழக்கு எண், எந்தச் சாப்டர் (திவால் சட்டத்தின் எந்த அத்தியாயத்தின் கீழ் வழக்கு என்பது), மனு தாக்கலான தேதி, கெடுத் தேதிகள். இவை நான்கும் முதலில். சாப்டர் 7 என்றால் சொத்து இருந்தால் விற்றுப் பங்கிட்டுவிட்டு மீதிக் கடனை நீக்குவது. சாப்டர் 13 என்றால் சம்பாத்தியத்திலிருந்து 3 முதல் 5 ஆண்டுகளில் தவணையாகக் கட்டுவது. சாப்டர் 11 பெரும்பாலும் நிறுவனங்கள் தங்களைச் சீரமைத்துக்கொள்வதற்கு.

கடன் கொடுத்தவர்கள் கூட்டத்தின் தேதியும் இருக்கும். திவால் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி நடப்பதால் அலுவலகங்களில் ‘341 மீட்டிங்’ என்பார்கள். நீங்கள் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போகாததால் உங்கள் பணத்துக்கான உரிமை பறிபோகாது.

பின்னலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தனிநபர் வழக்குகளில், கடன் கொடுத்தவருக்குப் போகும் முதல் நோட்டீஸில் கடனாளியின் சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்காவில் ஒருவரை அடையாளம் காட்டும் எண்) முழுவதும் இருக்கும். பொதுப் பதிவேட்டில் இருக்கும் பிரதியில் கடைசி 4 இலக்கம் மட்டுமே இருக்கும். சரியான கணக்கைக் கண்டுபிடிப்பதற்காக உங்களை நம்பிக் கொடுத்த எண் அது. அந்தத் தாளை மேசையில் விட்டுவிட்டுத் தேநீருக்குப் போகாதீர்கள். அவர் ஏற்கெனவே நொடிந்து போனவர்.

“நோட்டீஸ் இன்றுதான் வந்தது. வசூல் கடிதம் நேற்றே போய்விட்டது. அபராதம் உண்டா?”

மனு தாக்கலான நொடியிலேயே வசூலுக்குத் தடை விழுந்துவிடுகிறது. நோட்டீஸ் வந்த பிறகுதான் தடை என்பது தவறான எண்ணம். ஆனால் தனிநபர் ஒருவர் நஷ்டஈடு கேட்க வேண்டுமானால், தெரிந்தே மீறினீர்கள் என்று காட்ட வேண்டும். தெரியாமல் நேற்று அனுப்பிய கடிதத்துக்காக அஞ்ச வேண்டியதில்லை. இன்று தெரிந்த பிறகு நாளை அனுப்பினால்தான் ஆபத்து. அப்போது உண்மையான நஷ்டம், வழக்கறிஞர் கட்டணம், தகுந்த வழக்கில் தண்டனைத் தொகையும் சேர்ந்து வரும். தானாகப் போகும் எஸ்.எம்.எஸ்., தானியங்கித் தொலைபேசி அழைப்பு, வெளி வசூல் நிறுவனத்திடம் ஒப்படைத்த கணக்கு ஆகிய மூன்றையும் அன்றைக்கே நிறுத்துங்கள்.

“சாப்டர் 7 நோட்டீஸில் ‘இப்போது கிளெய்ம் தாக்கல் செய்ய வேண்டாம்’ என்று அச்சிட்டிருக்கிறது. பணம் போனதுதானா?”

பங்கிடச் சொத்து எதுவும் தென்படவில்லை என்று பொருள். கிளெய்ம், அதாவது ‘எனக்கு இவ்வளவு வர வேண்டும்’ என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் கோரிக்கை, போட்டாலும் இப்போதைக்குப் பயனில்லை என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். பிறகு டிரஸ்டி (கடனாளியின் சொத்தைத் திரட்டிப் பங்கிட நியமிக்கப்பட்டவர்) ஏதாவது சொத்தைக் கண்டுபிடித்தால், நீதிமன்றம் இரண்டாவது நோட்டீஸ் அனுப்பி, கிளெய்ம் போடக் குறைந்தது 90 நாள் அவகாசம் கொடுக்கும்.

அந்த இரண்டாவது நோட்டீஸ் மாதக்கணக்கில் கழித்து வரலாம். முதல் நோட்டீஸைப் பார்த்தவுடன் ‘முடிந்தது’ என்று முத்திரை குத்திக் கோப்பை மூடிவிட்ட அலுவலகத்தில் இரண்டாவதை யாரும் பிரிப்பதில்லை. பணம் உண்மையில் கைக்கு வரக்கூடிய தாள் அதுதான்.

“கிளெய்முக்கு 70 நாள் என்கிறார்கள். எந்தத் தேதியிலிருந்து? தபாலில் வந்ததால் 3 நாள் கூடுமா?”

கடனாளி தானே முன்வந்து போட்ட சாப்டர் 7, 13 வழக்குகளில் மனு தாக்கலான நாளிலிருந்து 70 நாள். 2017 டிசம்பர் 1 முதல் இதுதான் விதி. அரசு அமைப்புகளுக்கு 180 நாள். சாப்டர் 11 என்றால் பொதுவாக நீதிமன்றமே தனியாகக் கெடு குறிக்கும்.

3 நாள் கூடாது. தபாலில் ஒன்று கிடைத்து, கிடைத்ததிலிருந்து இத்தனை நாளுக்குள் பதில் சொல் என்னும்போதுதான் அந்தச் சலுகை. கிளெய்ம் கெடு உங்களுக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஓடுவதில்லை, மனுத் தேதியிலிருந்து ஓடுகிறது. நோட்டீஸ் தபாலில் பத்து நாள் கிடந்தால் அந்தப் பத்து நாளும் உங்கள் 70இல் கழிந்துவிட்டது. கிளெய்ம் படிவத்தின் எண் 410. அதைத் தாக்கல் செய்யக் கட்டணம் கிடையாது.

“மின்னஞ்சலில் வாங்க முடியுமா? அதற்குக் கட்டணம் உண்டா?”

முடியும், இலவசம். மின்னணுத் திவால் நோட்டீஸ் திட்டம் என்று பெயர், சுருக்கமாக இ.பி.என். சிறிய நிறுவனத்துக்கு மின்னஞ்சலே போதும். ஆயிரக்கணக்கில் வாங்கும் வங்கிகள், நோட்டீஸின் விவரங்கள் தரவாகவே தங்கள் கணினிக்குள் வந்து இறங்கும் முறையைத் தேர்ந்தெடுக்கின்றன. அப்படி இறங்கினால் வசூல் தடையை அன்றைக்கே கணக்கில் ஏற்றிவிடலாம்.

பதிவு செய்யும்போது நிறுவனத்தின் பெயர் எந்தெந்த விதமாக எழுதப்படுகிறது, எந்தெந்த முகவரிகள் புழக்கத்தில் இருக்கின்றன என்று பட்டியல் கொடுங்கள். கடனாளி எழுதிய பெயரும் முகவரியும் உங்கள் பதிவோடு பொருந்தினால்தான் அந்த நோட்டீஸ் மின்னணு வழிக்குத் திரும்பும். பொருந்தாதது பழையபடி தபாலில் போகும். ஒரு தனிநபரின் தனி மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். அவர் வேலையை விட்டுப் போன நாளில் உங்கள் நோட்டீஸும் போய்விடும். முகவரியை நடப்பில் வைத்திருப்பது பெறுபவரின் பொறுப்பு என்று விதி 9036 வெளிப்படையாகவே சொல்கிறது.

“நாங்கள் பதிவே செய்யவில்லை. ஆனால் தாளில் வருவது நின்றுவிட்டது. எப்படி?”

2021 டிசம்பர் 1 அன்று விதி 9036 திருத்தப்பட்டது. ஒரு மாதத்தில் 100க்கு மேல் தாள் நோட்டீஸ் வாங்கும் நிறுவனத்தை ‘அதிக நோட்டீஸ் பெறுபவர்’ என்று நிர்வாக அலுவலகம் குறிக்கலாம். முதலில் அறிவிப்பு வரும். அதற்குப் பிறகும் பதிவு செய்யாவிட்டால், உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மின்னணு முகவரிக்கு நோட்டீஸ்கள் போகத் தொடங்கும். திவால் சட்டத்தின் 342ஆம் பிரிவின்படி நீங்களே ஒரு முகவரியைப் பதிந்திருந்தால் (அடுத்த பதிலைப் பாருங்கள்) மட்டும் விதிவிலக்கு. அந்த அறிவிப்புக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் கிழித்தவர்கள்தான் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

“எங்கள் வங்கிக்கு அமெரிக்கா முழுக்க முகவரிகள். எல்லா நோட்டீஸும் ஒரே இடத்துக்கு வரவைக்க முடியுமா?”

முடியும். 2005இல் வந்த திருத்தச் சட்டம் இதற்கு இரண்டு கதவுகளைத் திறந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட சாப்டர் 7 அல்லது 13 வழக்கில் மட்டும் உங்கள் முகவரியைத் தாக்கல் செய்யலாம், 7 நாளுக்குப் பிறகு அனுப்பப்படும் நோட்டீஸ்கள் அங்கே வர வேண்டும். அல்லது எல்லாத் திவால் நீதிமன்றங்களுக்கும் சேர்த்து ஒரே முகவரியைப் பதியலாம், அது 30 நாளில் நடைமுறைக்கு வரும். இதற்கென்றே நோட்டீஸ் மையத்தோடு இணைந்த தேசியப் பதிவுச் சேவை இருக்கிறது. அதுவும் இலவசம்.

இந்தப் பதிவுக்கு ஒரு கூடுதல் பலன் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 342ஆம் பிரிவுக்கு ஏற்ப வராத நோட்டீஸ், உங்கள் கவனத்துக்கு வரும்வரை செல்லாது. வசூல் தடையை மீறியதாகப் பண அபராதம் விதிக்க வேண்டுமானால், செல்லத்தக்க நோட்டீஸ் கிடைத்த பிறகே நீங்கள் மீறியிருக்க வேண்டும். திவால் நோட்டீஸ்களை வாங்க ஒரு பிரிவை நியமித்து, வேறு மேசைகளுக்கு வருபவை அங்கே போய்ச் சேர முறையான ஏற்பாடும் செய்திருந்தால், அந்தப் பிரிவுக்கு எட்டும்வரை ‘கவனத்துக்கு வந்தது’ ஆகாது. ஏற்பாடு காகிதத்தில் மட்டும் இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

“எங்கள் வழக்கறிஞருக்கு நீதிமன்ற மின்னஞ்சல் வருகிறதே, அது போதாதா?”

அது வேறு. வழக்கில் ஆஜராகிப் பதிவு செய்த வழக்கறிஞருக்கு, யார் எதைத் தாக்கல் செய்தாலும் நீதிமன்றத்தின் தாக்கல் அமைப்பிலிருந்து தகவல் போகும். இ.பி.என். என்பது வழக்கில் ஆஜராகாத கடன் கொடுத்தவருக்கும் நீதிமன்றத்தின் நோட்டீஸைக் கொண்டுவருவது. வழக்கே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, வழக்கறிஞர் இன்னும் ஆஜராகவில்லை என்றால் முதல் நோட்டீஸ் அவருக்கு எப்படிப் போகும்?

“எங்களுக்கு நோட்டீஸ் வரவே இல்லை. ஆனால் அனுப்பியதாகப் பதிவேட்டில் இருக்கிறது. யார் சொல்வது நிற்கும்?”

பெரும்பாலும் பதிவேடு சொல்வதுதான். சரியான முகவரியிட்டுத் தபாலில் சேர்த்தால் போய்ச் சேர்ந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். விதிப்படி, தபாலில் சேர்த்ததோடு அனுப்பும் கடமை நிறைவேறிவிடுகிறது. “எங்கள் அலுவலகத்தில் யாரும் பார்க்கவில்லை” என்பது மட்டும் அந்த அனுமானத்தை உடைக்காது. மின்னணு வழியிலும் அப்படியே. ஆனால் அது போய்ச் சேரவில்லை என்ற தகவல் அனுப்பியவருக்குத் திரும்பி வந்திருந்தால், அந்த அனுப்புதல் செல்லாது.

ஆகவே வாதாடுவதற்கு முன் அனுப்பிய சான்றைப் படியுங்கள். வழக்குப் பதிவேடுகளைப் பார்க்க உதவும் பேசர் என்ற பொதுத் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒரு காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் அதுவும் தள்ளுபடி. சான்றில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சில குறிகள் இருக்கும். கூட்டல் குறி என்றால் முகவரியின் அஞ்சல் குறியீட்டு எண் சேர்க்கப்பட்டது அல்லது திருத்தப்பட்டது. இரட்டை ‘#’ குறி என்றால் போய்ச் சேராத முகவரி என்று தெரிந்தது. அப்படித் தெரிந்தவற்றைக் கடனாளியின் தரப்புக்குத் தெரிவித்து, சரியான முகவரி கேட்பார்கள். அவர்கள் அதைத் திருத்தினார்களா என்பதில்தான் உங்கள் வாதத்தின் உயிர் இருக்கிறது.

“பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. ஆனால் திவால் என்று காற்றுவாக்கில் தெரியும். சும்மா இருக்கலாமா?”

தனிநபர் வழக்கு என்றால் கூடாது. பட்டியலில் சேர்க்காத கடன் நீங்காமல் நிற்கும் என்று 523ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கடன் கொடுத்தவருக்கு உரிய நேரத்தில் நோட்டீஸோ நேரடித் தகவலோ இருந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பங்கிடச் சொத்தே இல்லாத வழக்கில் நிலைமை இன்னும் இறுக்கம். கிளெய்முக்குக் கெடுவே குறிக்கப்படாததால் (மேலே சாப்டர் 7 பற்றிய பதில்) நீங்கள் எதையும் இழக்கவில்லை என்று சொல்லி, மோசடி போன்ற காரணம் இல்லாத சாதாரணக் கடனையும் நீங்கியதாகவே பல நீதிமன்றங்கள் கொள்கின்றன.

நிறுவனச் சீரமைப்பில் கதை வேறு. நியூயார்க், நியூ ஹேவன், ஹார்ட்ஃபோர்ட் ரயில் நிறுவனம் திவாலானபோது தெரு, சாக்கடை போன்ற மேம்பாட்டு வேலைகளுக்காக நியூயார்க் நகராட்சிக்கு அதன் நிலங்களின் மேல் பாத்தியதை இருந்தது. நகராட்சிக்கு வழக்கு நடப்பது தெரியும். ஆனால் கெடு பற்றிய அறிவிப்பு பத்திரிகையில்தான் வந்தது, தபாலில் வரவில்லை. உச்ச நீதிமன்றம் 1953இல் நகராட்சியின் பக்கம் நின்றது. வழக்கு நடப்பது தெரிந்தவருக்கும், கெடு குறிக்கும் முன் உரிய நோட்டீஸ் வரும் என்று எதிர்பார்க்க உரிமை உண்டு என்றது. இந்தத் தீர்ப்பை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்ல மாட்டேன். தெரிந்துவிட்டால் கிளெய்மைப் போட்டுவிடுவதே நல்லது.

“பெரிய கடைத்தொடர் ஒன்று திவால். நோட்டீஸ் நீதிமன்றத்திலிருந்து வராமல் ஏதோ தனியார் நிறுவனத்திலிருந்து வருகிறதே?”

ஆயிரக்கணக்கில் கடன் கொடுத்தவர்கள் இருக்கும் சாப்டர் 11 வழக்குகளில், நோட்டீஸ் அனுப்பவும் கிளெய்ம்களை வாங்கவும் நீதிமன்றம் தனி முகவரை நியமிக்கிறது. எபிக், ஸ்ட்ரெட்டோ, க்ரோல் போன்றவை அப்படிப்பட்ட நிறுவனங்கள். செலவு திவாலான நிறுவனத்தின் கணக்கில். டெலவேர் நீதிமன்றத்தில் 200 பேருக்கு மேல் போனாலே முகவர் வைக்க வேண்டும் என்ற உள்ளூர் விதி உண்டு. இங்கே நீங்கள் இ.பி.என்.-இல் பதிந்திருப்பதை மட்டும் நம்பக் கூடாது, முகவரின் பட்டியலிலும் முகவரியைச் சரிபார்க்க வேண்டும்.

மோசடிக்காரர்கள் கண் வைக்கும் இடமும் இதுவே. 2023 ஆகஸ்டில் க்ரோல் ஊழியர் ஒருவரின் கைப்பேசி எண்ணைத் திருடி உள்ளே நுழைந்தவர்கள், எஃப்.டி.எக்ஸ்., பிளாக்ஃபை, ஜெனிசிஸ் ஆகிய கிரிப்டோ நிறுவனங்களின் திவால் வழக்குகளில் கிளெய்ம்தாரர் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். அதைத் தொடர்ந்து போலி மின்னஞ்சல்கள் பறந்தன. பணம் விடுவிக்க முன்கட்டணம், கடவுச்சொல், கிரிப்டோ பையின் ரகசியச் சொற்கள் இவற்றில் எதைக் கேட்டாலும் அது நீதிமன்றம் அல்ல. இணைப்பைச் சொடுக்காமல், வழக்கு எண்ணைக் கொண்டு பதிவேட்டில் நீங்களே போய்ப் பாருங்கள்.

“திருப்பூரிலிருந்து சரக்கு அனுப்பினோம். வாங்கியவர் சாப்டர் 11. இந்திய முகவரிக்கு நோட்டீஸ் வர ஒரு மாதம் ஆகிறது. எங்களுக்குச் சலுகை உண்டா?”

உண்டு. வெளிநாட்டு முகவரி உள்ளவர்களுக்குக் கிளெய்ம் கெடு பற்றிக் குறைந்தது 30 நாள் முன்னதாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தேவைப்பட்டால் நீதிமன்றம் கூட்டவும் செய்யலாம். இருந்தாலும் வான்தபாலை நம்பாதீர்கள். முகவரிடம் மின்னஞ்சலைப் பதியுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. மனு தாக்கலாவதற்கு முந்தைய 20 நாளுக்குள் வாங்கியவர் பெற்றுக்கொண்ட சரக்கின் மதிப்புக்கு முன்னுரிமை உண்டு, 503ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. தூத்துக்குடியில் கப்பலேறிய தேதியை வைத்துக் கணக்குப் போட்டு “20 நாள் தாண்டிவிட்டது” என்று கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல், சீனாவிலிருந்து கப்பலில் போன சரக்கு தொடர்பான வழக்கில், வாங்கியவரோ அவருடைய முகவரோ சரக்கைக் கையில் வாங்கிய நாளே கணக்கு என்று தீர்ப்பளித்தது. கப்பலில் ஏற்றியபோதே பொறுப்பு கைமாறியிருந்தாலும் அப்படித்தான். டெலவேர், நியூ ஜெர்சி வழக்குகள் அந்த வட்டத்துக்குள் வருபவை. கப்பல் ரசீதோடு, அங்கே கிடங்கில் இறங்கிய தேதிக்கான ஆதாரத்தையும் கேட்டு வாங்குங்கள். இந்த முன்னுரிமைக்குத் தனிக் கெடு குறிக்கப்படலாம், நோட்டீஸில் அதைத் தேடுங்கள்.

“கெடு முடிந்துவிட்டது. நோட்டீஸிலேயே தெளிவாக இல்லை என்றால் ஏதாவது வழி உண்டா?”

சாப்டர் 7, 13 என்றால் வழி குறுகல். கிளெய்ம் போடப் போதிய நேரம் கிடைக்காத அளவுக்கு நோட்டீஸ் குறைபாடாக இருந்தது என்று காட்டினால், நீட்டிக்கும் ஆணை பிறந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் வரை நீதிமன்றம் நீட்டிக்கலாம். மறதி, வேலைப் பளு எல்லாம் காரணமாகாது.

சாப்டர் 11இல் கதவு சற்று அகலம். பயனியர் முதலீட்டுச் சேவை நிறுவனத்தின் வழக்கில், கடன் கொடுத்தவர்களின் வழக்கறிஞர் கெடுவைத் தவறவிட்டார். உச்ச நீதிமன்றம் 1993இல், 5க்கு 4 என்ற கணக்கில், அவர்களுடைய தாமதத்தை மன்னித்தது. மறு தரப்புக்கு எவ்வளவு பாதிப்பு, எவ்வளவு தாமதம், காரணம் என்ன, நல்லெண்ணத்தோடு நடந்தார்களா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கறிஞரின் அலுவலகக் குழப்பத்தை அது பெரிதாக மதிக்கவில்லை. அதன் கண்ணில் பட்டது நோட்டீஸ்தான். கிளெய்ம் கெடு என்ற முக்கியமான தேதியை, கடன் கொடுத்தவர்கள் கூட்ட அறிவிப்புக்குள் வழக்கத்துக்கு மாறாக ஒரு வரியாகப் புதைத்திருந்தார்கள். ஆகவே உங்களுக்கு வந்த நோட்டீஸின் பிரதியை, உறையோடும் தபால் முத்திரையோடும் பத்திரப்படுத்துங்கள். தாமதமான கிளெய்மையும் காரணம் சொல்லும் மனுவையும் சேர்த்து, தெரிந்த அன்றைக்கே தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.